பாய்லர் குழாய் சொட்டுகிறது

ஜனவரி 6
பின்சுவரில் தரைக்குச் சற்று மேலே வெளியே நீட்டியிருக்கும், வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் செம்புக் குழாய் சொட்டுகிறது. நுனி சுவர்ப் பக்கம் வளைந்திருப்பதால் செங்கல் நனைந்து பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ.

பக்கத்திலேயே வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் உண்டு. அது கண்டென்சேட் குழாய். புகையில் உள்ள நீராவி குளிர்ந்து அதன் வழியாகத்தான் வெளியேறும். லேசான அமிலம் என்பதால் பிளாஸ்டிக். அதில் சொட்டினால் கவலை இல்லை. செம்புக் குழாய், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பிரஷர் ரிலீஃப் வால்விலிருந்து வருவது. அது காய்ந்தே கிடக்க வேண்டும்.

ஜனவரி 7
காலையில் பாய்லர் ஆறியிருந்தபோது, தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் 1.2 பார் காட்டியது. 1 முதல் 1.5 வரை இருக்கலாம், சரிதான். ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்கள் சூடாகச் சூடாக முள் ஏறிக்கொண்டே போய் 3-ஐத் தொட்டது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், சொட்டு மெல்லிய தாரையாகியிருந்தது. 3 பாரில் திறக்கும் வால்வு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தம் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

குழாய் நுனியை அடைத்துவிடச் சொல்கிறார் நண்பர். கூடவே கூடாது. மிஞ்சிய அழுத்தம் வெளியேற இருக்கும் வழியே அதுதான்.

ஜனவரி 8
பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பும் ஃபில்லிங் லூப் வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே போகிறதோ என்று சந்தேகம். இல்லை. ராத்திரி முழுக்க அணைத்து வைத்திருந்தும் கேஜ் ஏறவில்லை, 0.6-க்கு இறங்கியிருக்கிறது. சூட்டில் அதிகம், ஆறினால் குறைவு. எக்ஸ்பான்ஷன் வெசலில் (ரப்பர் தடுப்புக்கு ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் தண்ணீரும் இருக்கும் கலன்) காற்று போய்விட்டது போல. சூடான தண்ணீர் விரியும்போது இடம் கொடுப்பது அந்தக் காற்றுதான்.

ஜனவரி 10
உரிமம் பெற்ற மெக்கானிக் வந்தார். வெசலில் கார் டயருக்கு இருப்பதுபோலவே ஒரு வால்வு. அதன் ஊசியை அழுத்தினார். காற்று கொஞ்சமாகச் சீறியது, தண்ணீர் வரவில்லை. "தண்ணி வந்திருந்தா உள்ளே ரப்பர் கிழிஞ்சிருக்கும், வெசலையே மாத்தணும். தப்பிச்சீங்க சார்" என்றார்.

பாய்லரில் இருந்த தண்ணீரை வடித்து, வடிகுழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு காற்றடித்தார். மூடியிருந்தால் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து அளவு தப்பிவிடுமாம். அப்புறம் 1.2-க்கு நிரப்பினார். இப்போது முழுச் சூட்டிலும் 1.7 தான்!

ஜனவரி 11
செம்புக் குழாய் நுனியில் தளர்வாகக் கட்டிவைத்த பாலிதீன் பையில் காலையில் ஒரு கரண்டித் தண்ணீர். திறந்த வால்வில் தூசி சிக்கினால் திரும்பச் சரியாக மூடாது என்று மெக்கானிக் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

ஜனவரி 14
வால்வை மாற்றியாயிற்று. பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: ரப்பர் வாஷரில் வட்டமாக ஒரு தடம், அதில் மை போலக் கறுப்பு மண்டி. ரேடியேட்டர்களின் உட்புறம் அரித்து வந்த துரு அது.

ஜனவரி 16
பை காய்ந்திருக்கிறது. ஆறியபோது 1.2, சூட்டில் 1.7. அந்த மண்டி புது வால்வையும் கெடுத்துவிடும் என்பதால், ரேடியேட்டர்களைக் கழுவி, அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் ஊற்ற அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.