மணிச் சத்தத்துக்குப் புள்ளி இல்லை

"ரீச்சர், உங்கட பள்ளிக்கூட மணி எங்கட குசினிக்குள்ள கேக்கும். அதுக்குப் புள்ளி இல்லையோ?"

தரம் 1 அனுமதி நேர்முகத்தில் ஒரு தாய் கேட்டது இது. இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கு இன்னும் கிட்ட சின்னப் பள்ளிக்கூடம் ஒண்டு இருக்குத்தானே அம்மா, பிள்ளையள் குறைவு, நல்லாக் கவனிப்பினம்" என்றும் சொல்லிவைத்தேன். மேசையில் நாலு பேர் இருந்தோம். மற்ற மூவரும் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்வி அமைச்சின் அனுமதிச் சுற்றுநிருபப்படி 50 வீத இடம் அண்மையில் வசிப்போருக்கு. வசிக்கிறார்கள் என்பதை வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் கரண்ட் பில்லும் சொல்லவேண்டும்; அவற்றுக்குத்தான் புள்ளி. இவர்கள் 1990இல் போரால் மயிலிட்டி என்ற ஊரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். வாக்குப் பதிவு இன்னும் ஊரில்தான். மாற்றினால் காணியைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று மாமனார் விடவில்லையாம். இருப்பது வாடகை வீடு, எழுத்தில் ஒன்றுமில்லை. கிட்ட இன்னொரு பள்ளிக்கூடம் இருப்பதால் அதற்கும் புள்ளி கழிந்தது. நான் மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி.

சரி, மற்ற வீட்டைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை. வதிவிடத்தை உறுதிப்படுத்த நேரில் பார்க்கப் போன வீடுகளில் ஒன்றில் எல்லாப் பத்திரமும் ஒழுங்காக இருந்தது. யன்னல் சீலையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. பொடியன் தண்ணீர் வேண்டுமென்றான். "போய்க் குடியுங்கோ அப்பு" என்றார் தாய். அவன் போய்த் திறந்தது கக்கூஸ் கதவை. தாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். படிவத்தில் 'வதிவிடம் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வேறென்ன எழுதுவது? கதவு மாறித் திறந்தான் என்றா? மேன்முறையீட்டில் அது நிற்காது. அந்தத் தாயிலும் எனக்குக் கோபமில்லை, பிள்ளைக்காகத்தானே. ஆனால் மயிலிட்டித் தாயிடம் மேன்முறையீடு செய்யலாம் என்று வாய்திறந்து சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது உண்மை. அவர் அதை வாசித்தாரா, தெரியாது.

இன்னொன்று. சின்னப் பள்ளிக்கூடம் நல்லது என்று சொன்ன நான், என் மகனை ஆசிரியர் பிள்ளைகளுக்கான 5 வீதத்தில் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தேன். அங்கே வகுப்பில் கதிரை போட இடமில்லை என்று நானே அடிக்கடி குறைப்படுவேன்.

கதவு மாறித் திறந்த பொடியன் இப்போது என் வகுப்பில், 40 பேரில் ஒருவன். கெட்டிக்காரன். முதல் கிழமை எல்லோரிடமும் வீடு எங்கே என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் கோயிலடி, கடையடி என்று கை காட்டினார்கள். அவன் மட்டும் எழுந்து நின்று, வீட்டு இலக்கம், ஒழுங்கை, வீதி எல்லாம் தடங்கலில்லாமல் ஒப்புவித்தான். "கெட்டிக்காரன், இருங்கோ" என்றேன்.

அந்த நேரம்தான் மணி அடித்தது.