தேர்தல் பணி நாட்குறிப்பு, 2021

ஏப்ரல் 5, திங்கள்

சாயங்காலம் எந்திரங்களோடு வாக்குச்சாவடிக்கு வந்து சேர்ந்தோம். தொடக்கப் பள்ளி, ஒரே மின்விசிறி. போலீஸ்காரர் வாசலில் பெஞ்ச் போட்டுக்கொண்டார்.

என் ஓட்டு ஏற்கெனவே தபாலில் போய்விட்டது. உறுதிமொழிப் படிவத்தில் யாருடைய கையெழுத்து செல்லும் என்று பயிற்சி வகுப்பில் பெரிய வாக்குவாதம். நடக்காதா பின்னே? 2016இல் ராதாபுரத்தில் திமுக வேட்பாளர் அப்பாவு தோற்றது 49 வாக்குகளில். அங்கே 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டார்கள். சான்றொப்பம் போட்ட நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். 2019இல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

ஏப்ரல் 6, செவ்வாய்

விடிவதற்குள் மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்ட்டுகள் கண்முன் ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்தோம். அழிக்க மறந்தால் நாள் முழுக்க வினைதான். இரண்டு பெரிய கட்சி ஏஜென்ட்டுகளும் மாமன் மச்சான் முறையாம். காலையில் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் பத்து மணிக்கு ஒரே பொட்டலத்து வடையைப் பங்கு போட்டார்கள்.

எனக்கு மை வைக்கும் வேலை. கொரோனாவுக்காக வலது கைக்கு பிளாஸ்டிக் உறை கொடுத்தோம், மை இடது ஆட்காட்டி விரலில். ஒரு பாட்டி இரண்டு கையையும் நீட்டி, “எதுல வைப்பியோ வச்சுக்க தாயி” என்றார். உள்ளே போனவர் வெளியே வர நேரமாயிற்று. யாருக்குப் போட்டோம் என்று சீட்டில் காட்டும் விவிபேட் எந்திரத்தின் கண்ணாடியில் சீட்டு தெரிந்து விழும்வரை நின்று பார்த்தாராம். விவரம்தான்!

ஆறிலிருந்து ஏழுவரை கொரோனா நோயாளிகளுக்கான நேரம். யாரும் வரவில்லை, கவச உடைகள் பை பிரிக்காமலே கிடந்தன. முடிவில் ‘டோட்டல்’ பொத்தானை அமுக்கியதும் வாக்களிக்க வந்தவர்களைக் குறித்துவைக்கும் 17ஏ பதிவேட்டில் இருந்த எண்ணே வந்தது. அதன் பிறகுதான் தண்ணீர் இறங்கியது.

ஏப்ரல் 22, வியாழன்

எண்ணுவதற்கு இன்னும் பத்து நாள். ஸ்ட்ராங் ரூமுக்கு வெளியே கட்சிக்காரர்கள் ஷிஃப்ட் போட்டு, சிசிடிவி திரையைப் பார்த்தபடி காவல் இருக்கிறார்கள். பக்கத்தில் லாரி நின்றாலே புகார். ஒரு பக்கம் ஆக்சிஜன் படுக்கை தேடி அலைகிற ஜனம்.

மே 2, ஞாயிறு

முழு ஊரடங்கு, எல்லாரும் டிவி முன்னால். எட்டு மணிக்குத் தபால் வாக்குகள், அரை மணி கழித்து எந்திரங்கள். மத்தியானத்துக்குள் போக்கு தெரிந்துவிட்டது: பத்து ஆண்டு கழித்து மறுபடி திமுக. தனியாக 133, கூட்டணியோடு 159. அதிமுக கூட்டணிக்கு 75. கூட்டம் கூடாதே என்று தடை இருந்தும் வெடிச்சத்தம் நிற்கவில்லை.

எனக்கு ஆர்வம் இழுபறித் தொகுதிகளில்தான். காட்பாடியில் நாளெல்லாம் தவித்த துரைமுருகன் 746 வாக்கில் தப்பித்தார். கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 வாக்கில் வானதி சீனிவாசனிடம் தோற்றார். தி.நகரில் வித்தியாசம் வெறும் 137! அந்த அளவு தபால் வாக்கை ஒரே கட்டில் பார்த்திருக்கிறேன்.

மே 7, வெள்ளி

கிண்டி ராஜ்பவனில் எளிமையாகப் பதவியேற்பு. “முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்” என்றதும் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார். கோட்டைக்குப் போய்ப் போட்ட முதல் கையெழுத்துகளில் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய், அதில் 2,000 இந்த மாதமே. ஆவின் பால் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைப்பு. இறையன்பு தலைமைச் செயலாளர்.

மே 8, சனி

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இன்றுமுதல் இலவசம். சில்லறையை நீட்டினேன். “உள்ள வைங்கம்மா, இனிமே வேணாம்” என்றார் கண்டக்டர். பின் சீட்டில் ஒருவர், “அப்ப எங்களுக்கு?” என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. வருமான இழப்பு ஆண்டுக்கு 1,200 கோடி, அரசு ஈடுகட்டுமாம். கட்டினால் சரி, போக்குவரத்துக் கழகங்கள் ஏற்கெனவே கடனில் ஓடுகின்றன. திங்கள்முதல் ஊரடங்கு என்பதால் நெரிசல் தாங்கவில்லை.

மே 12, புதன்

கலைவாணர் அரங்கில் கூடிய சட்டமன்றத்தில் அப்பாவு சபாநாயகர் ஆனார், போட்டியின்றி. இந்த முறை ராதாபுரத்தில் ஜெயித்தே வந்தவர். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து நிற்கவே இல்லை. பக்கத்து ஒன்றியத்து நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் மட்டும், “இப்பவாவது என் கையெழுத்து செல்லுமா?” என்று கேட்டு வைத்திருக்கிறார். இதுவரை யாரும் பதில் போடவில்லை.