அடைவில் உறைந்துபோன தேதி: ரெப்போ தரவைச் சரிசெய்த வேலைக் குறிப்பு

இயந்திரம் கொருக்குப்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் பின்னறையில் இருக்கிறது. பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டெபியன், யூபிஎஸ் கிடையாது. அடைவு, அதாவது திட்டப் பட்டியல், இதில்தான் ஓடுகிறது; தமிழ் சார்ந்த கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் 212 அதில் உண்டு. ராத்திரி 2 மணிக்கு கிரான் (நேரம் பார்த்து வேலை ஓட்டும் நிரல்) எழுந்து ஒவ்வொரு ரெப்போவையும் (கிட் என்ற பதிப்புக் கருவி காக்கும் நிரல் கிடங்கு) பார்த்து, கடைசி கமிட் (பதிவான மாற்றம்) தேதி, பங்களிப்பாளர் எண்ணிக்கை, உரிமம், நிரல்மொழி ஆகியவற்றை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும்.

கோளாறு இதுதான்: நேற்று கமிட் விழுந்த திட்டத்துக்கும் அடைவு இரண்டு வருஷப் பழைய தேதியைக் காட்டியது. பக்கத்திலேயே "சரிபார்த்தது: இன்று" என்றும் இருந்தது. ஆளை ஏமாற்றியது இந்த இரண்டாவது வரிதான்.

தூங்குவது திட்டமா, அடைவா?

கையிலுள்ள கிளோனை, அதாவது நம் வட்டில் உள்ள ரெப்போ நகலை, தொடுவதற்கு முன் இதைப் பிரித்துவிட வேண்டும். "கிட் எல்எஸ்-ரிமோட்" கட்டளைக்கு ரெப்போ முகவரியையும் "ஹெட்" (முதன்மைக் கிளையைச் சுட்டும் குறி) என்பதையும் கொடுத்தால், எதையும் இறக்காமல் 40 எழுத்து ஹாஷ் (கடைசி கமிட்டின் அடையாளம்) ஒன்று வரும். தரவுத்தளத்தில் உள்ள ஹாஷும் அதுவும் ஒன்றானால் திட்டம்தான் தூங்குகிறது, அடைவின் மேல் பழியில்லை. சந்தேகத்தில் இருந்த 37 திட்டங்களில் 11 இப்படிக் கழிந்தன. மீதி 26 நம் பக்கத்துப் பிழை.

இதை ஓட்டும்போது "கிட் டெர்மினல் ப்ராம்ப்ட்" என்ற சூழல் மாறியை 0 ஆக வைப்பது அவசியம். அழிக்கப்பட்ட ரெப்போவுக்கு, ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் "இல்லை" என்று நேராகச் சொல்லாது, பயனர்பெயர் கேட்கும். அந்த மாறி இல்லாவிட்டால் டெர்மினலில் ஓட்டும் ஸ்கிரிப்ட் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

மாஸ்டர் போய் மெயின் வந்த கதை

அந்த 26-இல் 14 இந்த ரகம். 2020 அக்டோபர் 1 முதல் கிட்ஹப்பில் புது ரெப்போக்களின் முதன்மைக் கிளைக்கு (கமிட்டுகள் சேரும் முக்கிய வரிசை) முன்பிருந்த "மாஸ்டர்" போய் "மெயின்" என்றுதான் பெயர். பழைய திட்டங்கள் பலவும் பின்னால் பெயரை மாற்றிக்கொண்டன. உலாவியில் பழைய கிளையின் இணைப்பைச் சொடுக்கினால் புதியதற்குக் கொண்டுபோய் விடுகிறது. வட்டில் கிடக்கும் கிளோனுக்கு அந்த வசதி இல்லை.

நடப்பதைக் கவனித்தால் விஷயம் புரியும். ஃபெட்ச் (புது கமிட்டுகளை இறக்கும் கட்டளை) ஓடுகிறது, மெயின் கிளை ஒழுங்காக இறங்குகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் தொலைவில் இல்லாத கிளைகளை நீக்கும் "ப்ரூன்" கொடுக்காததால் பழைய மாஸ்டர் கிளை வட்டிலேயே தங்கிவிட்டது. கிளோனின் ஹெட் இன்னமும் அதைத்தான் சுட்டுகிறது. ஸ்கிரிப்ட் ஹெட்டின் தேதியை எடுக்க, பெயர் மாறிய நாளோடு தேதி உறைந்துபோகிறது. புதுத் தரவு வட்டில் இருந்தும் யாரும் அதைப் படிக்கவில்லை.

ப்ரூன் மட்டும் சேர்த்தால் மாஸ்டர் அழிந்துவிடும், ஹெட் இல்லாத கிளையைச் சுட்டும், தேதி எடுக்கும் வரி பிழையோடு நிற்கும். அமைதியாகப் பொய் சொல்வதைவிட இது மேல். ஆனால் வேலை முடியவில்லை. எல்எஸ்-ரிமோட்டோடு "சிம்ரெஃப்" சேர்த்துக் கேட்டால், தொலைவில் உள்ள ஹெட் எந்தக் கிளையைச் சுட்டுகிறது என்று முதல் வரியிலேயே வரும். அந்தப் பெயரை "கிட் சிம்பாலிக்-ரெஃப்" கட்டளையால் கிளோனின் ஹெட்டில் எழுத வேண்டும். பலர் சொல்லும் "ரிமோட் செட்-ஹெட்" சாதாரண கிளோனுக்கானது, இங்கே இருந்த மிரர் கிளோனுக்கு (தொலைவில் உள்ள எல்லாக் குறிப்புகளையும் அப்படியே நகலெடுப்பது) உதவாது.

இதோடு இன்னொன்றும் சரியானது. "பேர்" ரெப்போவில் (கோப்புகளை விரிக்காமல் வரலாற்றை மட்டும் வைப்பது; மிரரும் அந்த வகை) மெயில்மேப் கோப்பை (ஒரே ஆளின் பல மின்னஞ்சல்களை இணைக்கும் பட்டியல்) கிட் ஹெட்டிலிருந்துதான் படிக்கும். ஹெட் பழைய கிளையில் நின்றதால் பழைய மெயில்மேப்பே அமலில் இருந்தது, ஒரே ஆள் மூன்று மின்னஞ்சலோடு மூன்று பேராக எண்ணப்பட்டார்.

மிரர் கிளோனையும் இந்தச் சாக்கில் கைவிட்டாயிற்று. அது புல் ரிக்வெஸ்ட் (இணைக்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) குறிப்புகளையும் சேர்த்து இழுக்கும். "எல்லாக் கிளையும்" என்று எண்ணினால், இணைக்கப்படாத நிரலை அனுப்பியவர்களும் பங்களிப்பாளர் கணக்கில் ஏறிவிடுவார்கள். கிளைகளை மட்டும் இழுக்கும் பேர் கிளோன் போதும். கோப்பு உள்ளடக்கத்தை இறக்காத "பிளாப் நன்" வடிகட்டி சேர்த்தால் வட்டில் இடமும் மிச்சம். வரலாற்றில் கொஞ்சத்தை மட்டும் இறக்கும் ஷாலோ கிளோன் மட்டும் வேண்டாம், கமிட் எண்ணிக்கை மொத்தமும் தப்பாக வரும்.

கதவு மூடிய நெறிமுறை, கரண்ட் போன ராத்திரி

5 கிளோன்களின் ரிமோட் முகவரி "கிட்" என்ற பழைய நெறிமுறையில் தொடங்கியது. மறைகுறியாக்கம் இல்லாத அந்த வழியை கிட்ஹப் 2022 மார்ச் 15-இல் நிரந்தரமாக அடைத்துவிட்டது. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை, கிட் கான்ஃபிகில் "இன்ஸ்டெட்ஆஃப்" வரி ஒன்று எழுதினால் பழைய முகவரி எல்லாம் தானாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறும்.

3 கிளோன்கள் மழைக்காலத்தில் மாட்டியவை. ஃபெட்ச் நடுவே கரண்ட் போனால் "பேக்டு-ரெஃப்ஸ்" (கிளைப் பட்டியல்) பூட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும். அதன்பின் வரும் ஒவ்வொரு ராத்திரியும் "கோப்பு ஏற்கெனவே இருக்கிறது" என்று ஃபெட்ச் திரும்பிப் போகும். முதலில் கிட் செயல்முறை எதுவும் ஓடவில்லை என்று "பிக்ரெப்" கொண்டு பார்க்க வேண்டும். பூட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதா என்றும் பார்த்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். ஓடுகிற கிட்டின் பூட்டைப் பிடுங்கினால் கிளோனே கெடும். "ஆப்ஜெக்ட் கோப்பு காலி" என்று செய்தி வந்தால் பழுது பார்க்க உட்கார வேண்டாம். கோப்புறையை அழித்து மறுபடி கிளோன் எடுப்பதே சீக்கிரம்.

பழைய எண், புதிய எண்

மீதி 4 இடம் மாறியவை. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல: கதவில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டும் இருக்கும். புதிய எண் 14 வேறொருவர் வீடு. கிட்ஹப்பில் ரெப்போவின் பெயர் மாறினால் பழைய பெயர் 301 ("இடம் மாறியது" என்ற பதில்) கொடுத்துப் புதிய இடத்துக்கு அனுப்பும். ஆனால் அதே பழைய பெயரில் அந்தக் கணக்கில் வேறு ரெப்போ தொடங்கினால் வழிகாட்டல் அறுந்து, கிளோன் அந்நியர் நிரலைக் கொண்டுவரும். அதனால் பெயரோடு ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் கேள்வி கேட்கும் வழி) தரும் எண் அடையாளத்தையும் சேமிக்க வேண்டும். பெயர் அதே, எண் வேறு என்றால் பதிவை நிறுத்திவிட்டு ஆள் பார்க்க வேண்டும்.

தளம் விட்டுத் தளம் போனவற்றுக்கு 301 வராது. பழைய ரெப்போவின் ரீட்மியில் "இடம் மாறிவிட்டோம்" என்று ஒரு வரி இருக்கும், சிலவற்றில் ஆர்க்கைவ் (இனி படிக்க மட்டும்) கொடி ஏற்றப்பட்டிருக்கும். நான்கில் இரண்டு இப்படி. மற்ற இரண்டும் கூகுள் கோட் முகவரிகள். அந்தச் சேவை 2015 ஆகஸ்டில் படிக்க மட்டும் என்றாகி, 2016 ஜனவரியில் மூடியது.

உரிமத் தகவலில் அகரவரிசை

உரிமமும் ஆர்க்கைவ் நிலையும் ஏபிஐ வழியாக வருகின்றன. இங்கே ஒரு விசித்திரம்: அகரவரிசையில் முதல் இருபது திட்டங்கள் மட்டும் எப்போதும் புதுசு, மகரத்தில் தொடங்குபவை எல்லாம் ஊசிப்போனவை. டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் கேட்டால் கிட்ஹப் ஒரு ஐபிக்கு மணிக்கு 60 கேள்விதான் அனுமதிக்கும். திட்டத்துக்கு 3 கேள்வி, ஆக 20 திட்டத்தோடு கதவு சாத்தியாயிற்று. பிராட்பேண்டில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்தால் அந்த 60-உம் முழுசாகக் கிடைக்காது.

டோக்கன் போட்டால் மணிக்கு 5,000. 636 கேள்விக்குத் தாராளம். பொது ரெப்போக்களைப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவிட வேண்டும். பதிலோடு வரும் ஈடேக் என்ற பதிப்புக் குறியைச் சேமித்து அடுத்த முறை திருப்பி அனுப்பினால், மாற்றமில்லாதவற்றுக்கு 304 வரும், அது கணக்கில் சேராது. வரிசையையும் மாற்றியாயிற்று: யாருடைய கடைசி வெற்றி மிகப் பழையதோ அவருக்கு முதல் முறை.

உண்மையான குற்றவாளி வேறு. ஸ்கிரிப்ட் 403 (மறுப்பு) வந்தாலும் "சரிபார்த்தது" என்ற கட்டத்தில் இன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தது. இப்போது மூன்று கட்டங்கள்: கடைசி முயற்சி, கடைசி வெற்றி, கடைசி கமிட். பக்கத்தில் காட்டுவது பின் இரண்டை மட்டும். கமிட் நேரத்தை ஸ்கிரிப்ட் எபாக் நொடியாக (1970 தொடக்கம் முதல் எண்ணிய நொடி) வைக்கிறது. ஒவ்வொருவர் நேர மண்டலத்தோடும் வரும் தேதியை எழுத்தாக வரிசைப்படுத்தினால் முன்னுக்குப் பின்னாகும். ராத்திரி 2 மணி ஓட்டம் யூடிசியில் முந்தைய நாள் 20:30 என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர் கோப்புகள்

தமிழ்த் திட்டங்களுக்கே உரிய தலைவலி இது. "தரவு" என்று தொடங்கும் கோப்பை கிட் இயல்பாகப் பட்டியலிட்டால் \340\256\244 என்று தொடங்கும் எண்கோவையாக, இருபுறமும் மேற்கோள் குறியோடு தரும். அந்த மூன்று எண்ணும் சேர்ந்ததுதான் "த". கடைசி மேற்கோள் குறி பின்னொட்டோடு ஒட்டிக்கொள்ள, பைதான் கோப்புகள் "தெரியாத மொழி" ஆகிவிட்டன. பட்டியல் கட்டளையோடு "-இசட்" சேர்த்தால் பெயர்கள் உள்ளபடியே, பூஜ்ய பைட்டால் பிரிந்து வரும். "கோட்பாத்" அமைப்பை அணைப்பது பாதி வைத்தியம்தான்.

பெயர்களிலும் இதே கதை. "கோ" என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு ஆள். எண்ணுவதற்கு முன் எல்லாப் பெயரையும் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவுக்குக் கொண்டுவந்ததில் இரட்டைப் பதிவுகள் ஒன்றாயின.

இப்போதைய நிலை: 26-இல் 24 சரி. கூகுள் கோட் இரண்டுக்கும் புது வீடு கிடைக்கவில்லை. அவற்றின் பதிவில் கமிட் தேதிக்குப் பதில் "மூலம் மூடப்பட்டது, 2016" என்று போட்டு, ராத்திரி ஓட்டத்திலிருந்து எடுத்தாயிற்று.