தொலைக்காட்சிப் பாட்டை ஸ்டீரியோவில் கேட்பது

தட்டையான தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பாலும் சிறிய ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ பாடுவதால், இசைச் சேனல்களை வீட்டு ஸ்டீரியோவில் கேட்க முடிவு செய்தேன். முதலில் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்தது என் தவறு. ஒருமுறை பெருக்கப்பட்ட ஒலி மறுபடியும் பெருக்கப்பட்டு, இரைச்சலும் கூடவே வளர்ந்தது. பிறகு செட்டாப் பாக்ஸின் சிவப்பு, வெள்ளைத் துளைகளை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் எனும் பொது உள்ளீட்டுத் துளைகளில் இணைத்து (போனோ துளை இசைத்தட்டுக் கருவிக்கு மட்டுமே உரியது), பாக்ஸின் ஒலியளவை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரிலேயே செய்தபோது பேஸ் கிட்டார் தெளிந்து வந்தது.

ஆயினும் பாடல்களுக்கு இடையே 'ம்ம்ம்' என்றொரு ரீங்காரம் எஞ்சியிருந்தது. கேபிள் டிவி இணைப்பைக் கழற்றியதும் அது சட்டென்று அடங்கவே, இரு வழிகளில் எர்த் சேர்ந்து உண்டாகும் சுற்றுதான் காரணம் என்று புரிந்தது. ஆப்டிகல் கேபிளில் மின்சாரம் பாயாமல் ஒளி மட்டுமே செல்வதால், அதையும், டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அனலாக் ஒலியாக மாற்றும் ஒரு சிறிய டிஏசி கருவியையும் வாங்கி இணைத்தேன், ரீங்காரம் ஒழிந்தது. ஆனால், பாக்ஸின் அமைப்பில் ஒலி வடிவத்தை, அந்தக் கருவிக்குப் புரியாத டால்பியிலிருந்து, சாதாரண டிஜிட்டல் வடிவமான பிசிஎம் என்று மாற்றும்வரை ஒரு சத்தமும் வரவில்லை. அரை மணி நேரம் கேபிளையே திட்டிக்கொண்டிருந்தேன்.

செயற்கை சரவுண்ட் வசதியை அணைத்துவிடுவது நல்லது. அது பாடகரின் குரலைக் கிணற்றுக்குள் தள்ளிவிடுகிறது. ஒளிபரப்பும்போதே சுருக்கப்பட்ட ஒலியில் இழந்த நுணுக்கத்தை எந்த ஒயரும் மீட்டுத் தராது என்பதால், விலையுயர்ந்த கேபிள்களை நான் வாங்கவில்லை.