முழுப் பெருக்குக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்

சேற்றுத் துறைமுகம் ஒன்றில் இப்போதுதான் கயிறு கட்டி முடிந்தது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆழமில்லாத துறைமுகங்களைப் பற்றி வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரே ஒரு வரி எழுதுகின்றன: "முழுப் பெருக்குக்கு முன்னும் பின்னும் 3 மணி நேரம் நுழையலாம்." முழுப் பெருக்கு என்றால் கடல் நீர் முழுதாக ஏறி நிற்கும் நேரம். எந்தப் படகு? எந்த நாள்? அதைச் சொல்லாத வரியை நம்பி 30 மைல் பாய் விரித்து வரக்கூடாது. நுழையும் நேரத்தை ஒவ்வொருவரும் தன் படகுக்கும் அன்றைய ஓதத்துக்கும் (கடல் நீர் ஏறி இறங்குவதற்கும்) கணக்குப் போட்டே எடுக்க வேண்டும். காகிதமும் பென்சிலும் போதும்.

இந்தப் பயணத்தின் எண்களையே வைக்கிறேன். படகு நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கி நிற்கிறது. கீலுக்கு (படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் பகுதிக்கு) அடியில் 0.5 மீட்டர் மிச்சம் வேண்டும். முகத்துவாரத்து மணல் திட்டு, சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) அடிக்கோடிட்ட எண்ணாக, 1.2 மீட்டர். அடிக்கோடு இருந்தால் அது ஆழம் இல்லை. சார்ட்டின் அடிமட்டத்துக்கு, அதாவது ஓத உயரங்களை அளக்கத் தொடங்கும் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு, மேலே திட்டு நிற்கும் உயரம். அதைக் கழிக்கக்கூடாது, கூட்ட வேண்டும். 1.8 + 0.5 + 1.2 = 3.5. ஓதத்தின் உயரம் 3.5 மீட்டரை எட்டும் வரை கதவு பூட்டித்தான் கிடக்கும்.

அன்று முழு வற்று, அதாவது தண்ணீர் மிகத் தாழும் நேரம், காலை 8:05, உயரம் 0.9. முழுப் பெருக்கு 14:20, உயரம் 5.1. வித்தியாசம் 4.2 மீட்டர். இங்கேதான் பன்னிரண்டில் ஒரு பங்கு விதி கைகொடுக்கும். ஏறும் நேரத்தை ஆறாகப் பிரித்தால் தண்ணீர் 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்குகளில் ஏறுகிறது. ஒரு பங்கு 0.35 மீட்டர். மூன்றாம் கூறு முடிகையில் 3.0, நான்காவது முடிகையில் 4.05. அப்படியானால் 3.5 வருவது சுமார் 11:42-க்கு. புத்தகம் சொன்ன 3 மணி நேரக் கணக்கில், 11:20-க்கே திட்டின் மேல் ஏறியிருந்தால் கீலுக்கு அடியில் 13 செ.மீ. தண்ணீர். ஒரு சின்ன அலை போதும், தரை தட்டும்.

இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் மாதிரி ஒரே ஓதத்தில் இரண்டு உச்சம் வரும் இடங்களில் அந்தத் துறைமுகத்துக்கென்று வரைந்த ஓத வளைகோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கடிகாரம் இன்னொரு கண்ணி. பல ஓத அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் அச்சாகின்றன, கோடைக்கால நேரத்துக்கு ஒரு மணி கூட்ட வேண்டியிருக்கும். ஓதத்தின் நடுப்பகுதியில் ஒரு மணி நேரப் பிழை என்றால் மேலே சொன்ன கணக்கில் ஒரு மீட்டருக்கு மேல். பெரிய துறைமுகத்தின் அட்டவணையை வைத்துப் பக்கத்துச் சின்னத் துறைமுகத்துக்குள் போகிறவர்கள் நேர, உயர வித்தியாசத்தையும் சேர்த்தாக வேண்டும்.

காற்றழுத்தத்தை யாருமே பார்ப்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். சராசரி அழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) மேல் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு செ.மீ. தாழும். பாரோமீட்டரில் 1033 காட்டும் அழகான வெயில் நாளில் 20 செ.மீ. காணாமல் போய்விடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் அதனால் 12 நிமிடம்தான் தள்ளிப்போகும். அஷ்டமியை ஒட்டிய சின்ன ஓதத்தில் கதை வேறு. வற்று 2.1, பெருக்கு 3.9 என்று வைத்தால், 3.5 வருவது முழுப் பெருக்குக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு. அந்த 20 செ.மீ. போனால் ஒன்றேகால் மணி நேரம்தான் மிச்சம். முகத்துவாரத்தில் அலையும் இருந்து இன்னும் 30 செ.மீ. கூடுதலாக வேண்டும் என்றால் அன்று கதவு திறக்கவே திறக்காது.

அலை ஒரு மீட்டர் என்றால் அதன் பள்ளம் அரை மீட்டர் கீழே போகும். நாம் வைத்த மிச்சம் முழுவதும் அதிலேயே காலி. கடலிலிருந்து காற்று அடிக்க, உள்ளிருந்து வற்று நீர் எதிர்த்து வந்தால் திட்டின் மேல் அலை செங்குத்தாக எழுந்து உடையும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அலையின் முதுகுதான் தெரியும், எல்லாம் அமைதியாகத் தோன்றும். வற்று ஓடும்போது, காற்று எதிராக இருக்கும்போது, சின்ன முகத்துவாரத்துக்குள் போகாதீர்கள். விதிவிலக்கே வேண்டாம்.

சரி, எப்போது போவது? முழுப் பெருக்குக்கு இரண்டு மணி முதல் ஒரு மணி நேரம் வரை முன்பு. பெருக்கு நீர் அதற்கு முன்னால் வேகமாக ஓடும். தட்டிய படகை அதே நீர் திட்டின் மேல் இன்னும் உள்ளே தள்ளும். கடைசிப் பகுதியில் வேகம் தணிந்திருக்கும், ஆனால் தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் மிதந்துவிடலாம். உச்சியில் போய்த் தட்டுவதுதான் மோசம். அதுவும் பெரிய ஓதத்தின் உச்சியில் என்றால், அடுத்தடுத்த பெருக்குகள் ஒவ்வொன்றும் தாழ்ந்துகொண்டே வரும். படகு இரண்டு வாரம் வரை அங்கேயே உட்காரலாம். இழுவைப் படகு, கிரேன், தங்கும் செலவு எல்லாம் ஒரு பயணத்தின் பட்ஜெட்டையே விழுங்கிவிடும்.

புறப்படும் நேரத்தைப் பின்னிருந்து போட வேண்டும். 30 கடல் மைல், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம், 6 மணி நேரம். நடுவில் 3 மணி நேரம் 1.5 நாட் எதிர் நீரோட்டம், 4.5 மைல் நஷ்டம், அதை ஈடுகட்ட 54 நிமிடம். 12:45-க்கு வாசலில் நிற்க 5:50-க்குக் கிளம்ப வேண்டும். 5:15-க்கே கிளம்புங்கள். முன்னால் வந்துவிட்டால் பாயைச் சுருக்கி மெதுவாக வரலாம், செலவில்லை. பின்தங்கினால் எஞ்சினை முறுக்கி டீசலைக் கொட்ட வேண்டியதுதான், அப்படியும் நேரம் பெரிதாக மீளாது. வேகத்தைக் குறைப்பதை ஆழ்கடலிலேயே செய்யுங்கள். கரை நோக்கிக் காற்று அடிக்கும்போது முகத்துவாரத்துக்கு முன்னால் சுற்றிச்சுற்றிக் காத்திருப்பது ஆபத்து. பாதி வழியில், 15 மைலில் கணக்கைத் திரும்பப் பாருங்கள். முழுப் பெருக்குக்குள் வாசலை எட்ட முடியாது என்று தெரிந்தால், அங்கேயே ஆழமான வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆழமானி காட்டும் எண் நீர்மட்டத்திலிருந்தா, உணரியிலிருந்தா, கீலின் அடியிலிருந்தா என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எடை கட்டிய கயிற்றை இறக்கி ஒரு தடவை ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். திட்டு நகரும், சார்ட்டில் இருக்கும் எண் பழையதாக இருக்கலாம். துறைமுக அலுவலகத்தை வி.எச்.எஃப் ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்பது இலவசம்.

உள்ளே வந்த பிறகு, கட்டும் இடத்தில் வற்று நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று பாருங்கள். நம் எண்களில் வற்று 0.9, ஆகவே மிதந்து நிற்க சார்ட்டில் குறைந்தது 1.4 மீட்டர் ஆழம் வேண்டும். அது இல்லையென்றால் படகு தரையில் உட்காரும். இரட்டைக் கீல் படகு, தரை சமமாகவும் உறுதியாகவும் இருந்தால், தானே நிற்கும். ஒற்றைக் கீல் படகைச் சுவரோடு சாய்த்துக் கட்ட வேண்டும், சுவர்ப் பக்கம் கொஞ்சம் எடை ஏற்றி. முன், பின் கயிறுகள் ஓத வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும், 4.2 மீட்டருக்கு 12.6. குட்டையாகக் கட்டிவிட்டுத் தூங்கினால் நள்ளிரவில் படகு கயிற்றில் தொங்கும்.