குமிழி கரையும்வரை

செப்டம்பர் 20, 2025, சனி

வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள். இப்போதைக்குக் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். சாப்பிடவும் கழிப்பறைக்கும் மட்டும் எழுந்திருக்கலாம். லேப்டாப்பைக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்து, கையைத் தொங்கவிட்டுத் தட்டுகிறேன். திரை எரிவது தெரிகிறது. எழுத்து தெரியவில்லை. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் என்விடிஏ நிரலைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டிருக்கிறேன், அது வாசிக்கிறது. தட்டுவதற்குக் கண் வேண்டாம், விரலுக்கே தெரியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வலது கண்ணில் முழுக்கச் சாம்பல் நிறம். இடது எப்போதும்போல மங்கல்.

செப்டம்பர் 23, செவ்வாய்

என்விடிஏவை முறையாக நிறுவிவிடலாம் என்று தொடங்கினேன். என்டர் தட்டியதும் குரல் நின்றுபோனது. கணினி உறைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"திரையெல்லாம் மங்கிப்போய் நடுவுல ஒரு பெட்டி நிக்குது. இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களான்னு கேக்குது."

"ஆமா, அதுதான்."

"என்ன மாத்தம்னு போடலையேடா?"

"போடாது அக்கா."

"அப்ப நான் எதை வச்சு ஆமாங்கறது?"

அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பெட்டி இது. செயலியின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கும், அவ்வளவுதான். கள்ள நிரல் எதுவும் தானாக 'ஆம்' அழுத்திவிடக் கூடாது என்பதற்காக, விண்டோஸ் அந்தப் பெட்டியைத் தனித் திரையில் பூட்டி வைக்கிறது. வேறு நிரல்கள் அதைத் தொடவும் முடியாது, படிக்கவும் முடியாது. நிறுவாமல் ஓடும் என்விடிஏவும் அந்த வேறு நிரல்களில் ஒன்று. நிறுவிய பிறகு இந்தப் பெட்டியும் பேசும், லாகின் திரையும் பேசும். ஆனால் நிறுவுவதற்கு இந்த ஊமைப் பெட்டியைத் தாண்டியாக வேண்டும். இந்த நேரத்தில் பக்கத்தில் அக்கா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? விண்டோஸின் சொந்தக் குரலான நேரேட்டர் அந்தத் திரையிலும் பேசும். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். தெரிந்தவர்களுக்கு அது போதும்.

செப்டம்பர் 24, புதன்

கழுத்து.

செப்டம்பர் 26, வெள்ளி

வங்கிச் செயலி உள்ளேயே விடவில்லை. "உங்கள் கைபேசியில் திரையைப் படிக்கும் சேவை இயங்குகிறது. பாதுகாப்பு கருதி அதை நிறுத்திவிட்டு மீண்டும் வாருங்கள்." கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக் இதை நிதானமாக வாசித்துக் காட்டியது. நிறுத்திவிட்டால் அடுத்த திரையை எனக்கு யார் வாசிப்பது?

சரி, இணையதளத்துக்குப் போகலாம் என்று லேப்டாப்புக்கு மாறினேன். கடவுச்சொல் கட்டத்தில் நகலெடுத்து ஒட்டமுடியாதபடி தடுத்து வைத்திருக்கிறார்கள். கடவுச்சொற்களைச் சேமிக்கும் பெட்டக நிரல் உருவாக்கிக் கொடுத்த நீளமான கடவுச்சொல் அது. அதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும், தட்டத் தட்ட "ஸ்டார், ஸ்டார், ஸ்டார்" என்றுதான் காதில் விழும். எது தப்பானது என்று தெரியாது. ஒருவழியாக அதைத் தாண்டினால் ஓடிபி. கைபேசி எண்களை வாசித்து, நான் கேட்டு, தலையைத் தூக்காமல் தட்டி முடிப்பதற்குள் "உங்கள் அமர்வு முடிந்துவிட்டது." நேரம் ஓடுவதை எங்காவது ஒரு மூலையில் காட்டியிருப்பார்கள். காதுக்கு யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல், எளிதாக நீட்டித்துக்கொள்ள 20 வினாடியாவது கொடு என்று வலை அணுகல்தன்மை விதிகள் 2008-லேயே சொல்லிவிட்டன. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு இன்னும் தெளிவாகவே சொல்கிறது: உள்ளே நுழைய ஒருவரின் நினைவாற்றலைச் சோதிக்காதே, பெட்டகத்திலிருந்து நிரப்பவும் ஒட்டவும் விடு. ஒட்டுவதைத் தடுப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை, ஒட்ட விடுங்கள் என்று பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2017-இல் எழுதியது. ஒட்ட முடியாதவன் சின்னதாக, சுலபமாக, எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்லாக வைத்துக்கொள்வான். அவனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

கடைசியில் பணத்தை அக்காதான் அனுப்பினாள். அதாவது என் கடவுச்சொல் இப்போது அக்காவுக்குத் தெரியும். பாதுகாப்பு என்ற பெயரில் நடந்தது இவ்வளவுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மேலே ஒரு கீற்று தெளிந்திருக்கிறது! அதற்குக் கீழே குமிழியின் விளிம்பு, தலையை ஆட்டினால் ரசமட்டக் குழாயில் ஆடுவதுபோல ஆடுகிறது. இனிப் பகலில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அக்டோபர் 14 வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அன்றோடு நிற்கிறது. என் இயந்திரம் 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலில் இதன் ப்ராசஸர் இல்லை. வேகம் குறையவில்லை, வட்டு கெடவில்லை, ஒரு விசைகூடத் தேயவில்லை. இருந்தும் அது 'தகுதியற்றது'.

இன்னும் ஒரு வருடத்துக்கு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். காசு கட்டலாம், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைக்கலாம். எந்த வழியில் போனாலும் கணக்கு வேண்டும். இந்தக் கணினியில் இத்தனை வருடமும் நான் கணக்கில்லாமல்தான் இருந்தேன். அப்படி இருப்பது என் விருப்பம்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று அக்கா கேட்டாள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற கள்ள நிரல் ஞாபகம் வந்தது. 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அது நுழைந்த ஓட்டையை அடைத்துவிட்டது. மே 12 அன்று அது உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்தன. இரண்டு மாதம் கையில் இருந்த மருந்தை ஏன் பலர் போடவில்லை? சோம்பல் என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. பல வருடங்களாக அப்டேட் என்றால் வேலைக்கு நடுவே திரையைப் பிடுங்கிக்கொள்வது, பட்டனை இடம் மாற்றுவது, கேட்காததைக் கொண்டுவந்து வைப்பது. 'பிறகு' என்ற பட்டனை அழுத்த மக்களைப் பழக்கியவர்கள் அவர்களே. பாதுகாப்பு அடைப்பைத் தனியாக, சத்தமில்லாமல், எதையும் மாற்றாமல் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு முடிந்திருந்தது. அந்த மே மாதத்தில் அதற்கும் அவசரமாக ஓர் அடைப்பு கொடுத்தார்கள். ஆக, கொடுக்க முடியும்.

அக்டோபர் 2, வியாழன்

இரவெல்லாம் அந்த வங்கிச் செயலிதான் மனதில். அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் அல்ல என்பதுதான் தூங்கவிடவில்லை.

திரைவாசிப்பானுக்கு என்ன வேண்டும்? திரையில் இருப்பதெல்லாம் தெரிய வேண்டும். நான் தட்டும் விசை ஒவ்வொன்றும் கேட்க வேண்டும். என் சார்பில் பட்டனை அழுத்தவும் முடிய வேண்டும். உளவு நிரலுக்கு என்ன வேண்டும்? அதே மூன்றும்தான். ஆண்ட்ராய்டில் செர்பரஸ் போன்ற வங்கித் திருட்டு நிரல்கள் இந்த அணுகல்தன்மை அனுமதியைத்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கின. கொடுத்ததும் ஓடிபியைப் படித்தன, பட்டனைத் தாமே அழுத்தின. 2022-இல் ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து இறக்கிய செயலிகளுக்கு அந்த அனுமதியை எளிதில் கொடுக்க முடியாதபடி செய்தது. அது நியாயமான தடை. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துத் தடுக்கிறது. வங்கி செய்தது வேறு. கைபேசியோடே வந்த, எல்லோருக்கும் தெரிந்த டாக்பேக்கையும் திருடனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பிரித்துப் பார்ப்பது கடினமான வேலை, அதனால் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் இந்த ஒரு இடத்தில்தான். ஒரு கதவு ஆபத்தானது என்றால் அதைச் சின்னதாக்கு, காவல் வை. அதன் வழியாகத்தான் வரமுடியும் என்று இருப்பவனை வெளியே நிறுத்தாதே.

அக்டோபர் 4, சனி

கண் அழுத்தம் கூடியிருக்கிறதாம். இன்னொரு சொட்டு மருந்து.

அக்டோபர் 6, திங்கள்

1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் கணினிப் பாதுகாப்புக்கு எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை வகுத்தார்கள். குறைந்தபட்ச உரிமை, இயல்பாகவே மறுப்பு என்றெல்லாம் இன்றும் பாடம் நடத்துவது அதிலிருந்துதான். எட்டாவதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பாதுகாப்பு ஏற்பாடு மனிதருக்குக் கையாள எளிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் யோசிக்காமலே, வழக்கமாகவே அதைச் சரியாகப் பயன்படுத்துவார்கள். ஐம்பது வருடமாகிறது.

1999-இல் விட்டன், டைகர் இருவரும் மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி 5.0 நிரலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் மின்னஞ்சல் பழக்கம் உண்டு. 90 நிமிடம் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கினர்தான் செய்தியை ஒழுங்காகப் பூட்டி அனுப்பினார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். அந்த நிரலின் கணிதத்தில் ஒரு குறையும் இல்லை.

அக்காவின் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எதை வைத்து ஆமாங்கறது?

அக்டோபர் 9, வியாழன்

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 25.10 பதிப்பு இன்று வந்தது. அதன் திரைச்சூழலான க்னோமில் ஜன்னல்களைக் காட்டும் வேலை இனி வேலண்டுக்கு மட்டும்தான், அதே வேலையைச் செய்த பழைய எக்ஸ்11 அமர்வு போய்விட்டது. நண்பர்கள் குழுவில் கொண்டாட்டம். நியாயம்தான். 1987-இல் வந்த எக்ஸ்11-இல் எந்த ஜன்னலும் மற்ற ஜன்னலில் தட்டுவதை ஒட்டுக்கேட்கலாம். வேலண்டில் அது முடியாது.

அந்தச் சுவரை எழுப்பியபோது லினக்ஸின் திரைவாசிப்பானான ஓர்காவின் காதும் அடைபட்டது. ஃபெடோரா 25 என்ற இன்னொரு லினக்ஸ் வேலண்டை முதன்மையாக்கியது 2016-இல். ஓர்காவின் குறுக்குவிசைகள் வேலண்டில் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது இந்த வருடம் மார்ச்சில் வந்த க்னோம் 48-இல்தான். நடுவே போன வருடங்களில் பார்வையில்லாதவர்கள் பழைய, பாதுகாப்பில்லாத அமர்விலேயே இருந்தார்கள். ஆனாலும் இதை நான் நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்: செய்து காட்டிவிட்டார்கள். எல்லா நிரலுக்கும் காதைத் திறந்துவிடாமல், திரைவாசிப்பானுக்கு மட்டும் முறையான ஒரு வழி. எட்டு வருடத்துக்கு மேல் ஏன் ஆனது என்பதுதான் கேள்வி.

அக்டோபர் 11, சனி

முடிவு செய்துவிட்டேன். டெபியன் 13, இதுவும் லினக்ஸ்தான். ஆகஸ்டில் வந்தது, க்னோம் 48 அதில் இருக்கிறது.

அக்கா கோப்புகளையெல்லாம் வெளி வட்டில் நகலெடுத்துக் கொடுத்தாள். அப்புறம் அவளை அறையை விட்டுப் போகச் சொன்னேன். பென் டிரைவிலிருந்து துவக்கியதும் ஒரு பீப். எஸ் தட்டி, என்டர். சில வினாடி ஒன்றுமில்லை. பிறகு அந்த இயந்திரக் குரல், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எண்களை வாசிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண், ஓர் என்டர். வட்டைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் கை நடுங்கியது. மறுபடி வாசிக்கவைத்துக் கேட்டேன். என்ன அழியப்போகிறது, எந்த வட்டில், எந்தப் பிரிவு என்று பெயர் பெயராகச் சொன்னது. அதை வைத்து ஆமென்றேன்.

நிறுவி முடித்துத் திரும்பத் துவங்கியபோது லாகின் திரையே பேசியது. ஒரே ஓர் இடம் ஊமை: துவக்கத்தில் வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் இடம். அங்கே இன்னும் குரல் எழவில்லை. விசிறிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, கணித்துத் தட்டுகிறேன். இதற்காக வட்டைப் பூட்டாமல் விட எனக்கு மனமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றுதான் அந்த நாள். என் மேஜையில் ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை கோடி இயந்திரங்கள் நாளையும் அப்படியே ஓடும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அக்டோபர் 16, வியாழன்

குமிழி சின்னதாகிவிட்டது, குனிந்தால் நடுவுக்கு வருகிறது. பெரிய எழுத்துகளை வலது கண்ணாலேயே படித்தேன். அமைப்புத் திரையில் வெளிர் சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு இருக்க வேண்டும் என்பது விதி. உருட்டுப்பட்டையோ தலைமுடி அளவு, அதுவும் சுட்டியைக் கொண்டுபோனால்தான் முழுதாக வெளியே வருகிறது. இதில் டெபியனையும் விடமாட்டேன். அழகு என்று யார் இதைத் தீர்மானிக்கிறார்கள்?

அக்டோபர் 21, செவ்வாய்

அக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11-இன் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லையாம். நேற்று அவசரத் திருத்தம் விட்டிருக்கிறார்கள். எல்லாம் உடைந்த பிறகு ஒருவன் கடைசியாக வந்து நிற்கும் இடம் அது, அங்கே கைகளைக் கட்டிப்போட்டால் எப்படி? ஒரு வாரம் பூராவும் அந்தத் திரையில் மாட்டியவர்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். புதியதற்கு மாறு, அதுதான் பாதுகாப்பு என்று சொல்லித்தான் அவர்களை அங்கே அனுப்பினார்கள்.

அக்டோபர் 22, புதன்

குமிழியைக் காணோம். காலையில் தேடினேன், இல்லை. கரும்புள்ளிகள் சில மிதக்கின்றன, இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நாளை பரிசோதனை. வங்கிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது, புகாரைப் பதிவு செய்துகொண்டார்களாம், எண் கொடுத்திருக்கிறார்கள். டாக்பேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதியின் எண்ணையே குறிப்பிட்டுத் திரும்ப எழுத வேண்டும். கடவுச்சொல் பெட்டகக் கோப்பைக் கீபாஸ்எக்ஸ்சி நிரல் இங்கேயும் அப்படியே திறந்துவிட்டது. அதில் முதல் வேலை, வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுவது. அக்காவிடம் சொல்லிவிட்டேன், "மாத்துடா, முதல்ல அதைச் செய்" என்றாள்.