தியவன்னாக் கரையில் வந்திறங்கும் பிள்ளைகள்

கிளிநொச்சியிலிருந்து வரும் பஸ் முதல் நாள் இரவே புறப்பட்டிருக்கும். விடிந்து கொழும்பை அடுத்த கோட்டேக்கு வந்து சேரும்போது வெள்ளைச் சீருடையெல்லாம் கசங்கியிருக்கும். சுருட்டிப் பைக்குள் வைத்த கழுத்துப்பட்டியை ஒரு பையன் அவசரமாக எடுத்துக் கட்டுவான். ஒருத்தி பஸ் கண்ணாடியைப் பார்த்தபடி நிற்க, மற்றவள் அவளுடைய ரிப்பனை இறுக்கிவிடுவாள். இலங்கைப் பாராளுமன்றத்தைப் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை. நான் வாசலில் நின்று, "வணக்கம் பிள்ளையள், சாப்பிட்டாச்சா?" என்றுதான் தொடங்குவேன். பாராளுமன்றத்தில் முதலில் காதில் விழும் குரல் தமிழாக இருந்தால் பிள்ளைகளின் முகம் இளகுவதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எண்களாகவே சொல்லிக்கொண்டு போவேன். உறுப்பினர்கள் 225 பேர், மாவட்டங்களிலிருந்து 196, தேசியப் பட்டியலில் 29, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, திறந்தது 1982. பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதை அமைதி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டது என் பிழை.

அதை மாற்றியவன் இரணைமடுக் குளத்துப் பக்கத்துப் பையன் ஒருவன். பாராளுமன்றத்தைச் சுற்றிவரக் கிடந்த தியவன்னாத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்தக் குளத்தால எவ்வளவு வயல் பாயுது?" என்றான். குளம் என்றால் அவனுக்கு வயல். இது சதுப்பு நிலமாகக் கிடந்த இடம், தோண்டி நீரைத் தேக்கி நடுவில் தீவு போல விட்டு அதில்தான் கட்டினார்கள், வயலுக்குப் பாய்வதற்கல்ல என்றேன். இவ்வளவு தண்ணீர் சும்மா கிடப்பதை அவனால் ஏற்கவே முடியவில்லை. அவன் தொடங்கி வைக்க மற்றவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் முதலில் தண்ணீரைப் பார்க்க விட்டுவிடுகிறேன். எண்கள் அப்புறம் வரலாம்.

அமர்வு நாளென்றால் கலரியில் இருந்து செங்கோல் வருவதைப் பார்க்கலாம். படைக்கலச் சேவிதர் அதைத் தோளில் சாய்த்து முன்னால் நடக்க, சபாநாயகர் பின்னால் வருவார். கருங்காலித் தண்டு, வெள்ளி, தங்கம், நீலக்கற்கள். 1949இல் பிரித்தானியப் பொதுச் சபை கொடுத்தது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஹன்சாட், சபையில் பேசியதையெல்லாம் அப்படியே பதிந்து வைக்கும் அறிக்கை. ஓர் உறுப்பினர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியிலேயே அது அச்சாகிறது. தமிழ்ப் பக்கம் ஒன்றைப் பிரித்து ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். முதல் வரியில் குரல் நடுங்கும். மூன்றாவது வரியில் தெளிந்துவிடும்.

ஒருமுறை நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து வந்த மாணவி அப்படி வாசித்து முடித்துவிட்டு, "எங்க தாத்தாவோட அப்பா ஓட்டுப் போட்டிருப்பாரா மிஸ்?" என்று கேட்டாள். கூட வந்த ஆசிரியை என்னைப் பார்த்தார். மழுப்பியிருக்கலாம். பதினான்கு வயதுப் பிள்ளை நேராகக் கேட்டால் நேராகத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

1947 தேர்தலில் போட்டிருக்கலாம் என்றேன். தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் அப்போது 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள், 1949இல் வாக்குரிமையும் போனது. "இந்தக் கட்டடத்திலயா மிஸ்?" இல்லை, அப்போது பாராளுமன்றம் காலிமுகத்திடலில் இருந்தது. ஆனாலும் சட்டம் இயற்றியது இதே சபைதான். பிறகு 1977இல் மலையகத் தமிழரின் தலைவர் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் வென்று வந்தார். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டத்தை 2003இல் நிறைவேற்றியதும் பாராளுமன்றம்தான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹன்சாட் பக்கத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றாள்.

ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்தது தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நேரம் போய்விட்டது. பிள்ளைகள் யானையைப் பற்றிப் பேசிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் படியில் நின்று திரும்பி, "77 தானே மிஸ்?" என்றாள்.

"ஓம், 77" என்றேன்.